இடது கால் இங்கிலாந்து, வலது கால் அமெரிக்கா

இந்தத் தடவை முடிவெடுக்கப் போறது நான்தான். காலையில பல் விளக்கும்போதே கண்ணாடியைப் பார்த்து அப்படிச் சொல்லிக்கிட்டேன். கண்ணாடி ஒண்ணும் சொல்லலை. அதுவும் என் பொண்டாட்டி லிபியா பார்த்து வாங்கின கண்ணாடிதான்.

விஷயம் ஷூ. எங்க சின்னவ ஜோஸ்வினுக்குக் கல்யாணம். பொண்ணோட அப்பன் போட்டுக்கட்டும்னு அமெரிக்காவுல இருக்கிற எங்கண்ணன் ஜெபமணி ஒரு ஜோடி அனுப்பினார். அதே வாரம் இங்கிலாந்துல இருக்கிற மச்சான் எட்சன், லிபியாவோட அண்ணன், அவரும் ஒரு ஜோடி அனுப்பிட்டார். ரெண்டு பேரும் கல்யாணத்துக்கு நேர்லயே வர்றாங்க. ஒருத்தர் ஷூவைப் போட்டா இன்னொருத்தர் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவார்.

எங்க வீட்டுல எப்பவும் ஜெயிக்கிறது இங்கிலாந்துதான். மச்சான் அனுப்பின கடிகாரம் ஹால்ல தொங்குது. எங்கண்ணன் அனுப்பின கடிகாரம் பீரோ மேல படுத்துக்கிடக்குது. எனக்கு அலுத்துப்போச்சு. சாகறதுக்குள்ள ஒரு தடவையாவது எங்க பக்கம் ஜெயிச்சுப் பாக்கணும்.

ஆச்சரியம் என்னன்னா, லிபியாவே வழி விட்டா.

"ஏங்க, கம்பெனியில நீங்கதானே குவாலிட்டி பாக்குறவர். ரெண்டுல எது நல்ல ஷூன்னு நீங்களே டெஸ்ட் பண்ணிச் சொல்லுங்க. நீங்க சொல்றதுதான் முடிவு. சமையல், மண்டபம், பத்திரிகை, இந்தச் சில்லறை வேலையெல்லாம் நான் பாத்துக்கறேன்."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துருச்சு. மூத்தவ கல்யாணத்துல அந்தச் சில்லறை வேலையெல்லாம் பார்த்தது நான்தான். சமையல்காரர் பூபதி பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்து உப்பு, புளி, அடுப்பு எல்லாத்துக்கும் யோசனை சொன்னேன். அந்த மனுஷன் பாதியில கரண்டியை என் கையில குடுத்துட்டுப் போயிட்டார். நல்லது சொன்னா யாருக்குப் பிடிக்குது?

சரி, ஷூவுக்கு வர்றேன். அமெரிக்கா ஷூ நல்ல கனம். அடித்தோல் ரெட்டை. முன்பக்கம் தாராளம், விரல்கள் அஞ்சும் தனிக்குடித்தனம் நடத்தலாம். மேல லாரி ஏறினா லாரிதான் பஞ்சராகும். இங்கிலாந்து ஷூ ஒல்லி. தையல் எறும்பு வரிசை மாதிரி பொடிப்பொடியா இருக்குது. தோல்ல முகம் பார்த்து சவரம் பண்ணலாம். ஆனா கால் விரலெல்லாம் ஓசூர் டவுன் பஸ்ல நிக்கிற மாதிரி நெருக்கியடிச்சு நிக்கணும். வேலைப்பாடு பார்த்தா இங்கிலாந்து ஒரு படி மேலதான். அந்த உண்மையை நான் யார்கிட்டயும் சொல்லலை.

டெஸ்ட்டுன்னா ரெண்டு பொருளுக்கும் ஒரே நாள், ஒரே ரோடு, ஒரே மழை இருக்கணும். எங்க தொழில்ல அதுதான் முறை. அதனால இடது கால்ல இங்கிலாந்து, வலது கால்ல அமெரிக்கா. அப்படியே ஒரு வாரம் சிப்காட்டுல இருக்கிற கம்பெனிக்குப் பைக்குல போய்வந்தேன். கேட்டுல செக்யூரிட்டி சல்யூட் அடிக்கிறதை மறந்து கீழே குனிஞ்சு பார்த்தார். எதிர் வீட்டு நாராயணம்மா, "ஏமி சார், ரெண்டு காலுக்கும் சண்டையா?"ன்னு தெலுங்கும் தமிழுமா விசாரிச்சுது.

இதுல என் சூழ்ச்சி ஒண்ணு இருக்குது. பைக்குல கியர் இடது கால்ல. ஒவ்வொரு தடவை கியர் மாத்தும்போதும் இடது ஷூவோட மூக்கு உரசும். ஓசூர் டிராபிக்ல அந்தக் கியர் என்ன பாடு படும்னு உங்களுக்கே தெரியும். சனிக்கிழமை பார்த்தா இங்கிலாந்தோட மூக்கு தோலுரிஞ்சு கிடந்தது. அமெரிக்கா மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

ஞாயித்துக்கிழமை சாப்பாடு முடிஞ்சதும் ரெண்டையும் பேப்பர் மேல வெச்சுத் தீர்ப்பைச் சொன்னேன். தரத்துல அமெரிக்காதான்.

லிபியா ரெண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தா. "உங்க செருப்பு, ஷூ எல்லாமே இடது காலுதாங்க முதல்ல போகும். கல்யாணமான நாள்ல இருந்து நான் பாத்துட்டுத்தானே இருக்கேன். அது கியர் தடம்."

நான் மோர் குடிச்சேன். டம்ளர்ல மோர் இல்லை.

"பரவால்ல. இன்னும் ஒரு வாரம் கால் மாத்திப் போட்டுப் பாருங்க. அதானே நியாயம்"னா.

பெட்டியில மீதி இருந்த புது ஷூ ரெண்டையும் எடுத்தேன். இப்ப இடது கால்ல அமெரிக்கா, வலது கால்ல இங்கிலாந்து. நடுவுல ஒரு நாள், "சமையலுக்கு யாரைச் சொல்லியிருக்கே?"ன்னு கேட்டேன். "அதை விடுங்க, இங்கிலாந்து வலது கால்ல கடிக்குதா?"ன்னு அவ்வளவு அக்கறையா விசாரிச்சா. கடிச்சது. அதைப் பத்தியே அரை மணி நேரம் பேசினேன்.

அந்த வாரக் கடைசியில அமெரிக்காவோட மூக்கும் உரிஞ்சுருச்சு. அப்பத்தான் உறைச்சுது. கையில இருக்கிறது நாலு பழைய ஷூ. ஜோடி ரெண்டு, கல்யாணத்துக்குப் போட ஒண்ணும் தேறாது.

கல்யாணத்தன்னைக்குக் காலையில வாசல்ல என்னோட பழைய கறுப்பு ஷூ இருந்தது. புதுசா அடி தச்சு, பாலிஷ் போட்டு. லிபியா முன்னமே பஸ் ஸ்டாண்டுல செருப்பு தைக்கிற வெங்கடப்பன்கிட்ட குடுத்து வாங்கி வெச்சிருக்கா. அண்ணன்மாருங்க என்ன நினைப்பாங்களோன்னு பயந்துக்கிட்டே போனேன். ரெண்டு பேரும் வந்து என்னைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டாங்க. "நான் அனுப்பின ஷூவை விட்டு இறங்கவே மாட்டேங்கிறியாமே, வேலைக்குக்கூட அதையே போட்டுத் தேச்சுட்டியாமே, லிபியா சொல்லுச்சு"ன்னு ஆளுக்கொரு காதுல சொன்னாங்க.

எங்க சர்ச் கோயில் வாசல்ல எல்லாரும் வழக்கம்போல செருப்பு, ஷூவைக் கழட்டினாங்க. நானும் கழட்டினேன். பிறந்ததுல இருந்து கழட்டுற வாசல்தான். குனிஞ்சு நாடாவை அவிழ்க்கும்போதுதான் மண்டையில ஏறிச்சு. பொண்ணைக் கையில பிடிச்சுக்கிட்டு நான் உள்ளே நடக்கப்போறது வெறுங்காலோட.

"ஏம்மா, எப்படியும் இங்க கழட்டத்தான் போறோம்னு உனக்குத் தெரியுமில்ல? அப்புறம் எதுக்கு என்னை ரெண்டு வாரம் டெஸ்ட் பண்ண வெச்சே?"

லிபியா என் கோட்டுக் காலரைச் சரி பண்ணிவிட்டா. அந்தப் பக்கம், கோயில் மண்டபத்துச் சமையல்கட்டுல இருந்து நல்ல வாசனை வந்தது. வாசல்படியில பூபதி கரண்டியோட நின்னுக்கிட்டிருந்தார்.

"நீங்க அந்தப் பக்கம் வர மாட்டீங்கன்னு சொன்னாத்தான் வருவேன்னாருங்க."