ஒரு முள் வித்தியாசம்

உலகத்தில் பேரொட்டி என்றொரு இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒன்று இருக்கும். எதைக் கண்டாலும் அதன் மேல் ஒரு பெயர்ச் சீட்டை ஒட்டி, ஜாடியில் போட்டு மூடினால்தான் அதற்குத் தூக்கம் வரும். அந்த இனத்தில் நன்றாக முற்றியவர் நம் பஞ்சு சார்.

ஆராய்ச்சிக்கூடத்தில், கடலடியில் ஒட்டி வாழும் கடற்பஞ்சு என்ற உயிர்களுக்கு இனம் பிரித்துப் பெயர் வைப்பது இவர் உத்தியோகம். துருவக் கடலில், வெயில் எட்டாத ஆழத்தில், தானுண்டு தன் வேலையுண்டு என்று கிடந்த பஞ்சைக் கப்பல்காரர்கள் வலைபோட்டு அள்ளி அனுப்புவார்கள். பார்த்தால் பாத்திரம் தேய்த்து நைந்த நார்தான். இவர் அதில் ஒரு துணுக்கைக் கிள்ளி, சதை கரைய மருந்தில் ஊறப்போட்டு, அதற்கு எலும்பு மாதிரி உள்ளே மிஞ்சுகிற கண்ணாடி முட்களை நுண்ணோக்கியில் வைத்து, ஒரு கண்ணை மூடி, மூச்சையும் பாதி பிடித்துக்கொண்டு பார்த்துவிட்டு, "இது புதுசு" என்பார். எது வந்தாலும் புதுசுதான். ஆண்டவன் ஒன்றைப் படைத்தால் இவர் மூன்றாக்கிக் காட்டுவார்.

வீட்டில் மட்டும் சும்மா இருப்பாரா? மச்சினர், சாப்பாட்டு நேரத்தில் மட்டும் தென்படும் இனம். மருமகன், தட்டினால் மட்டும் அசையும் இனம்.

ஊருக்கெல்லாம் பெயர் வைத்தவருக்கு ஒரே ஓர் ஏக்கம், தன் பெயரில் ஒரு பஞ்சு. அந்தத் தொழிலில் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது அசிங்கம். அடுத்தவர் பார்த்து மனமிரங்கி வைக்கவேண்டும். அதனால் மேலதிகாரி பெயரில் ஒரு பஞ்சு, கப்பல் தலைவர் பெயரில் ஒன்று, பல்லைக் கடித்துக்கொண்டு அதே தொழிலில் தன் பரம எதிரியான வழுக்கையார் பெயரில்கூட ஒன்று என்று வைத்துவிட்டு, பதில் மரியாதைக்குக் காத்திருந்தார். தலை நரைத்தது. ஓய்வுபெறும் காலமும் வந்தது. பெயர் வரவில்லை.

கடைசியில் வந்தே விட்டது. வழுக்கையார் ஒரு புதுப் பஞ்சுக்கு இவர் பெயரை வைத்துக் கட்டுரை எழுதியிருந்தார். சரிபார்க்க வேறு ஆளில்லாமல் அது இவரிடமே வந்தது, பஞ்சுத் துணுக்கோடு.

பார்த்தார். கண் மாற்றிப் பார்த்தார். அதே முள், அதே வளைவு. என்றைக்கோ இவர் வழுக்கையார் பெயரை வைத்தாரே, அதே பஞ்சு! முதலில் வைத்த பெயர்தான் நிற்கும் என்பது அவர்கள் சட்டம். உண்மையைச் சொன்னால் இவர் பெயர் அழியும். வழுக்கையார் பெயர் நிலைக்கும்.

சோறு தண்ணி இல்லாமல் வித்தியாசம் தேடினார். சாப்பாட்டு டப்பாவோடு வந்த மனைவியிடம் மெதுவாகச் சொன்னார்: "ஒரு முள்ளு நுனி லேசா மழுங்கியிருக்கு. வேற இனம்னு சொல்லிடலாம்."

அந்த அம்மாளும் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "போன மாசம் உங்களுக்கு ஒரு பல்லு விழுந்துச்சே. அன்னிலேருந்து நீங்க வேற ஆளா?"

பஞ்சு சார் டப்பாவை ஓரமாக நகர்த்திவிட்டுக் கட்டுரையை எடுத்தார். பிறகு, தம் ஆயுளில் முதன்முறையாக, "இது புதிதல்ல" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை, சமையலறைத் தொட்டியோரம் கிடந்த நாரின் மேல் இவர் பெயர் எழுதிய சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. "அடுத்தவங்கதானே வெக்கணும்? வெச்சுட்டேன்" என்றார் மனைவி.

சிரிக்கிறீர்களா? படித்துக்கொண்டிருக்கும்போதே, இது அப்படியே நம்ம இன்னார்தான் என்று யார் நெற்றியிலோ சீட்டை ஒட்டிவிட்டீர்களே. விரலைப் பாருங்கள். பசை இன்னும் காயவில்லை.