தங்கபுஷ்பம் டீச்சர் விசா எடுத்த கதை

ஒரு காட்டில், நான்குவழிச் சாலை வரப்போகிறதென்று மரத்துக்கு மரம் சிவப்பு மையில் எண் எழுதிப்போட்ட ஒரு காட்டில், தங்கபுஷ்பம் என்றொரு காக்கை இருந்தது. கூடு கட்டுவதில் முதுநிலைப் பட்டம், பதினெட்டு வருட ஆசிரியர் அனுபவம். காடே டீச்சர் என்று கூப்பிடும்போது நாம் மட்டும் 'அது' என்று சொன்னால் நன்றாக இருக்காது. 'அவர்' என்றே சொல்வோம்.

டீச்சர் குடியிருந்த ஆற்றங்கரை வேப்பமரத்துக்கு எண் 412. ஆடி பிறந்ததும் வெட்டிவிடுவார்கள். கணவர் போன ஐப்பசியில் மின்கம்பியில் போய் உட்கார்ந்தவர், திரும்பி வரவில்லை. கூட்டில் இரண்டு குஞ்சுகள். மூத்தவன் செல்வின், இளையவன் ஜெபின். இரண்டையும் எந்தக் கிளையில் கொண்டுபோய் வைப்பது என்று டீச்சர் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அக்கரையில் இருக்கும் குயில்நாட்டிலிருந்து ஒரு விளம்பரம் வந்தது. 'கூடு கட்டக் கற்றுத்தரும் ஆசிரியர்கள் உடனடியாகத் தேவை.' குயில்களுக்குக் கூடு கட்டத் தெரியாது என்பது ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயம். அதை அவர்களே ஒப்புக்கொண்டு அச்சடித்தது இதுதான் முதல் தடவை.

டீச்சர் நேராக ஓணான் அண்ணாச்சியிடம் போனார். அவர் புற்றுமேட்டில் விசா ஆலோசனை மையம் வைத்திருந்தார். எதைக் கேட்டாலும் தலையாட்டுவார். அதனால் மையத்தில் எப்போதும் கூட்டம்.

"அண்ணாச்சி, எந்த விசா எனக்குத் தோது?"

"மூணு இருக்கு டீச்சர். ஆசிரியர் விசான்னா மூணு வாரத்துல கைக்கு வந்துரும். இருக்க மரம், திங்கப் பழம் எல்லாம் அவங்க பொறுப்பு."

"பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போலாமா?"

ஓணான் தலையாட்டினார். டீச்சருக்குச் சந்தேகம் வந்தது. "கூட்டிட்டுப் போகக் கூடாதோ?" அதற்கும் தலையாட்டினார். டீச்சர் விதிப்புத்தகத்தைப் பிடுங்கிப் படித்துப் பார்த்தார். குடும்பத்துக்கு அனுமதி இல்லை. வேலை கொடுத்த மரத்தை விட்டு வேறு மரத்துக்கு மாறினால் முப்பது நாளில் நாட்டைவிட்டுப் பறந்துவிட வேண்டும்.

"இது வேண்டாம். அடுத்தது?"

"தொழில்வல்லுநர் விசா. குடும்பத்தோட போலாம். ஆனா அறுபத்தஞ்சு புள்ளி எடுக்கணும்."

"மூணாவது?"

"சுற்றுலா விசா. போயி, பாத்து, அப்படியே அங்க இருந்துக்கிட வேண்டியதுதான்."

"அது சட்டப்படி சரியா?" ஓணான் தலையாட்டினார். "தப்பா?" மறுபடியும் தலையாட்டினார்.

டீச்சர் நேர்மையானவர். ஆகவே நேர்மையானவர்கள் எல்லோரும் செய்வதைப் போல, இருப்பதிலேயே கஷ்டமான வழியைத் தேர்ந்தெடுத்தார்.

முதலில் மொழித்தேர்வு. கேட்டலில் எட்டு, எழுதலில் ஏழரை. பேசுதலில் மட்டும் நாலு. 'கூ' என்று சொல்லச் சொன்னார்கள். டீச்சர் மூன்று மாதம் பயிற்சி எடுத்தும் 'கா'தான் வந்தது. அடுத்து தொழில்திறன் மதிப்பீடு. டீச்சர் கட்டிய மாதிரிக் கூட்டை ஐந்து குயில்கள் கொண்ட குழு சுற்றிச்சுற்றிப் பார்த்தது. அந்த ஐந்து பேரில் ஒருவர்கூட வாழ்நாளில் ஒரு சுள்ளியைத் தூக்கியவர் இல்லை. 'உறுதி உண்டு, கலைநயம் போதாது' என்று எழுதிக் கொடுத்தார்கள். கூட்டிப் பார்த்தால் ஐம்பத்தெட்டுப் புள்ளி. ஆடிக்கு இன்னும் ஒன்பது நாள்.

இருந்தாலும் விண்ணப்பம் போட்டது போட்டதுதானே என்று டீச்சர் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு தூதரகத்துக்குப் போனார். காலையிலிருந்து வரிசை. முன்னால் ஒரு கொக்கு, பின்னால் நான்கு மைனாக்கள். குடும்பத்தில் எல்லோருடைய குரலையும் பதிவு செய்ய வேண்டுமாம். கவுண்ட்டரில் மதுரவல்லி என்கிற குயிலம்மா உட்கார்ந்திருந்தார்.

டீச்சர் "கா" என்றார். செல்வின் "கா" என்றான்.

ஜெபின் வாயைத் திறந்து, "கூ" என்றான்.

அப்படியொரு கூ! மூன்று மாதப் பயிற்சியில் டீச்சருக்கு வராத கூ. வரிசை முழுவதும் கழுத்தைத் திருப்பியது. மைனாக்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன.

டீச்சருக்கு இது தெரியாமல் இல்லை. கண் திறந்த நாளிலிருந்தே தெரியும். அவன் இறகில் புள்ளி இருந்தது. பசித்தால் அண்ணனை மிதித்துக்கொண்டு முன்னால் வருவான். தூக்கத்தில் வேறு ராகம் பாடுவான். ஆனால் காய்ச்சல் வந்தபோது அவன் டீச்சரின் சிறகுக்குள்தான் ஒடுங்கினான். அதனால் டீச்சர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, தன்னிடமே சொல்லிக்கொள்ளவில்லை. இப்போது ஊர் முன்னால் அவமானத்தோடு அவனைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டார்.

"இது உங்க பிள்ளையா?" என்றார் மதுரவல்லி.

"எம்பிள்ளதான்."

"எந்த மரம்?"

"ஆத்தங்கரை வேப்பமரம். நானூத்திப் பன்னெண்டு."

மதுரவல்லியின் பேனா நின்றது. அதற்குப் பிறகு அவர் ஜெபின் இருந்த பக்கம் திரும்பவே இல்லை. முட்டையை இட்டுவிட்டுப் போனவள் இவள்தான் என்று டீச்சருக்குப் புரிந்துவிட்டது. பாய்ந்து ஒரு கொத்து கொத்திவிட வேண்டும் என்று அலகு துடித்தது. ஆனால் முத்திரை அவள் காலில் இருந்தது.

"உங்க தொழில்வல்லுநர் விண்ணப்பம் நிராகரிக்கப்படுது," என்றார் மதுரவல்லி, மேசையைப் பார்த்தபடி. "ஆனா இந்தப் பையன் எங்க குடிமகன். குடிமகனோட தாய்க்குன்னு தனி விசா இருக்கு. அண்ணனும் கூட வரலாம். அரைப்பக்கப் படிவம்தான்."

"தாய்னா யாரு, உங்க சட்டத்துல?"

"வளர்த்தவங்க. முட்டை போட்டவங்களுக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது. நாங்க எங்க வசதிக்குப் போட்ட சட்டம்."

டீச்சர் அரைப்பக்கத்தை அரை நிமிடத்தில் நிரப்பினார். படிப்பு என்ன என்று அதில் ஒரு கேள்விகூட இல்லை. முத்திரை விழுந்தது. அதன் கீழே 'வேலை செய்யத் தடை' என்று இருந்தது.

"அப்ப பாடம் நடத்தக் கூடாதா? உங்களுக்கு டீச்சர் தட்டுப்பாடுன்னு விளம்பரம் போட்டிருக்கீங்களே!"

"கூடாது. கூடு கட்டிக் குழந்தை வளர்த்துக்கலாம். அதை நாங்க வேலைன்னு சேர்க்கறதில்ல."

ஆடிக்கு இரண்டு நாள் இருக்கும்போது மூவரும் ஆற்றைத் தாண்டினார்கள். குயில்நாட்டில் டீச்சர் ஒரு மாமரத்தில் இடம் பார்த்துக் கூடு கட்டினார். சுற்றுக் கிளைகளில் குயில்கள் வந்து உட்கார்ந்து, அவர் சுள்ளியை எப்படிச் செருகுகிறார், நாரை எங்கே முடிகிறார் என்று குறிப்பெடுத்துக்கொண்டன. சந்தேகமும் கேட்டன. டீச்சர் பதினெட்டு வருடப் பழக்கத்தில் பதிலும் சொன்னார்.

மறுநாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இரை தேடப் போய்த் திரும்பினால், கூட்டில் பதினொரு முட்டைகள். கூட்டின் ஓரத்தில் ஒரு சீட்டும் இருந்தது. 'குடிமக்களின் தாய்க்கு நல்வரவு.'

டீச்சர் அந்த ஊரே காதைப் பொத்திக்கொள்ளும்படி கத்தினார். பதிலுக்கு எல்லா மரங்களிலிருந்தும் குயில்கள் இனிமையாகக் கூவின. கொஞ்ச நேரம் அழுதார். பிறகு முட்டைகள் ஆறிவிடுமே என்று ஏறி உட்கார்ந்தார்.

நீதி: எந்த விசாவில் போனாலும் அங்கே போய்ச் செய்யப்போவது ஒரே வேலைதான். ஆகவே படிவம் எதற்குச் சின்னதோ, அந்த விசாவுக்கே விண்ணப்பியுங்கள்.