மாப்பிள்ளை துடைத்த வெளிச்சம்

கல்யாணமான முதல் வருஷம் மாமனார் வீட்டில் மாப்பிள்ளை எதைத் தொட்டாலும் யாரும் தடுக்க மாட்டார்கள். உலகத்தில் பாதி விபத்துகளுக்கு இந்த மரியாதைதான் காரணம் என்பது என் கருத்து.

எங்கள் கல்யாணம் வைகாசியில். நான் சொல்ல வருவது அதே வருஷம் ஆவணியில், முதல் முகூர்த்தம் கழிந்த திங்கட்கிழமை. (தேதி விஷயத்தில் என்னை முழுதாக நம்பலாம். மற்ற விஷயங்களில் ஏன் நம்பக்கூடாது என்பதுதான் இந்தக் கதை.)

மாமனாருக்குத் திருப்பூர் ராயபுரத்தில் பனியன் கம்பெனி. சாலைக்கு இந்தப் பக்கம் ஆபீஸ், அந்தப் பக்கம் பேக்கிங். நடுவே மண்ணுக்கடியில் இரண்டு கண்ணாடி இழைகள். ஒன்றில் இன்டர்நெட், இன்னொன்றில் கேமரா. சாக்கடை தோண்ட வந்த பொக்லைன் அதில் ஒரு இழையை அறுத்துவிட்டது. கேபிள்காரர் செல்வம் புது இழை இழுக்கவில்லை. தீப்பெட்டி அளவில் இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து, "கப்ளருங்க" என்றார். இந்தப் பக்கத்துப் பெட்டி இரண்டு ஒளிகளையும் ஒரே இழைக்குள் அனுப்பும். அந்தப் பக்கத்துப் பெட்டி பிரித்துக் கொடுக்கும்.

மாமனாருக்குச் சந்தேகம். "ஒரே தொட்டில ரெண்டு சாயம் ஊத்துனா கலந்து போகாதுங்களா?"

"அது தண்ணிங்க, இது வெளிச்சமுங்க. அது பாட்டுக்கு அது போகும், இது பாட்டுக்கு இது போகும். கழட்ட மட்டும் வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டு, செல்வம் சாப்பிடப் போனார்.

அன்று மத்தியானம், சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் பேக்கிங் அறைச் சரக்கை வீடியோவில் பார்ப்பதாக ஏற்பாடு. அவர் தலையாட்டினால்தான் சரக்குப் பெட்டிகள் சாயங்காலம் தூத்துக்குடிக்கு லாரி ஏறும். கப்பலை விட்டால் விமானம். அதற்கு இன்னொரு மகளைக் கட்டிக்கொடுக்கும் செலவு ஆகும். தகரக் கூரைக்குள் செல்போன் சிக்னலும் நுழையாது. எல்லாம் அந்த ஒற்றை இழையை நம்பித்தான்.

நான் பேக்கிங் அறையில் கப்ளருக்குக் காவல் உட்கார்ந்திருந்தேன். மெஷின்களின் ஓசை தூரத்து மழையாகக் கேட்டது. ஜன்னல் வெயிலில் பஞ்சுத் தூசி இறங்காமல் மிதந்தது. முடியைவிட மெல்லிய கண்ணாடிக்குள், லாரிகளுக்கும் சாக்கடைக்கும் கீழே, இரண்டு ஒளிகள் ஒன்றையொன்று உரசாமல் வருகின்றன. இந்தச் சின்னப் பெட்டிக்குள் நின்று, விடைபெற்று, ஆளுக்கொரு வழியாகப் போகின்றன. அந்தப் பிரியும் இடத்தை ஒரே ஒருமுறை பார்த்தால் என்ன?

இழையின் முனையைக் கழற்றினேன். (கண்ணுக்கு நேராகப் பிடிக்கக்கூடாது என்று எங்கோ படித்திருந்ததால் சாய்த்துப் பிடித்தேன். படிப்பு எதற்காவது உதவ வேண்டாமா?) ஒன்றும் தெரியவில்லை. அழுக்காக இருக்குமோ? கண்ணாடி, மெஷின், கை, டிபன் பாக்ஸ் என்று திருப்பூரில் எதைத் துடைக்கவும் பனியன் வெட்டியதில் மிஞ்சும் வேஸ்ட் துணிதான். இருப்பதிலேயே வெள்ளைத் துண்டாகப் பொறுக்கி, பாசத்தோடு துடைத்து, ஒரு ஊது ஊதி மாட்டினேன்.

கேமரா செத்தது. இன்டர்நெட்டும் செத்தது. மறுபடி துடைத்தேன். அதைவிட நன்றாகச் செத்தது.

துணி செக்கிங் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி கவிதா வந்தாள். ஆபீஸ் பக்கத்தில் வெளிச்சத்தை அணைக்கச் சொல்லிவிட்டு, துணியின் கண்ணிகளை எண்ணும் பூதக்கண்ணாடியை அந்த முனையில் வைத்தாள்.

"ஏனுங்க, எதுல தொடச்சீங்க?"

"வேஸ்ட்லதான்."

"பஞ்சு குறுக்கால கெடக்குதுங்க."

நானும் பார்த்தேன். நிலாவின் மேல் ஒரு பனைமரம் சாய்ந்து கிடந்தது. "எவ்வளவு அழகா இருக்கு, பாரேன்" என்றேன்.

"சத்தம் போடாம பொட்டாட்ட இருங்க. அப்பா வர்றாங்க."

வெளியே போய்க் கூப்பிட்டும் செல்வம் போனை எடுக்கவில்லை. மாமனார் என்னைப் பார்த்தார், கையிலிருந்த வேஸ்டைப் பார்த்தார். திட்டவில்லை, முதல் வருஷமல்லவா?

"மாப்ள, ஒரு கை புடிங்க. சரக்கை ஆபீசுக்கே கொண்டு போயிரலாம். அங்க நெட்டு இருக்குதுங்க."

ஆவணி வெயிலில் அட்டைப்பெட்டிகளைத் தலையில் சுமந்து சாலையைக் கடந்தேன். சட்டை எப்போதோ கழன்றிருந்தது. தலையெல்லாம் பஞ்சு. ஆபீஸ் திரையில் வந்த பையர் சரக்கை விட்டுவிட்டு என்னைக் காட்டி, அது யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

மாமனார் ஒரு கணம் யோசித்தார். "நியூ ஹெல்பர், சார்."

"குட் மேன்" என்றார் பையர். சரக்குக்கும் தலையாட்டினார். லாரி கிளம்பியது. பிறகு வந்த செல்வம், பையிலிருந்து பஞ்சு ஒட்டாத ஒரு மெல்லிய தாளை எடுத்து முனையை அதில் ஒரு இழுப்பு இழுத்துத் துடைத்தார். ஒளிகள் சமாதானமாகப் பிரிந்துபோயின.

தை மாதம் பையர் நேரிலேயே வந்தார். வீட்டில் விருந்து. மாமனார் பக்கத்தில் என்னைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். சுமை தூக்கியவரையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிடும் முதலாளியை இப்போதுதான் பார்க்கிறேன் என்று நெகிழ்ந்துவிட்டு, "ப்ரமோஷனா?" என்றார்.

"யெஸ், சார். ப்ரமோஷன்" என்றார் மாமனார், இலையிலிருந்து நிமிராமலே. அடுக்களையில் கவிதா கரண்டியைக் கீழே போட்ட சத்தம் கேட்டது.

இப்போதும் பேக்கிங் அறைக்குப் போனால் அந்தப் பெட்டியை, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தூரத்தில் நின்று பார்ப்பேன். வீட்டில் எந்தச் சாமான் கெட்டுப்போனாலும் நான் எழுந்திருக்கும் முன்பே கவிதாவின் குரல் வந்துவிடும்: "ஹெல்பர், உக்காருங்க." அந்த ப்ரமோஷன் ஆர்டர் மட்டும் இன்னும் என் கைக்கு வந்து சேரவில்லை.