ஹாரன் பொத்தான் எங்கே இருக்கணும்?

ஆஸ்திரேலியாவின் பல்லாரட்டில் பழைய இரும்பு வாங்கி விற்றே வீடு கட்டிய கொலின் ஹாகட் அந்தத் திங்கட்கிழமை சபதம் எடுத்தான். ஐம்பத்திரண்டாம் வருஷத்து சைடுகார் வைத்த இங்கிலாந்து பைக்குக்குத் தன் கையாலேயே புது வயர் போடுவான். ஞாயிற்றுக்கிழமை பழைய வண்டி கிளப் ஊர்வலத்தில் தானே ஓட்டிப் போவான். பெண்டாட்டி நோலா சொல்வதில் ஒன்றைக்கூடக் கேட்க மாட்டான்.

நோலாவுக்கும் அந்த வண்டியை ஓட்ட ஆசை. லைசென்ஸும் இருந்தது.

"பாதி வழி நான் ஓட்டறேனே?"

"சைடுகார்ல உக்காந்து வேடிக்கை பாரு. அதுவே உனக்கு ஜாஸ்தி."

"சரி" என்றாள் நோலா. அந்தச் 'சரி'யைக் கேட்டே அவன் பயந்திருக்க வேண்டும். முப்பது வருஷம் ஊரெல்லாம் பேரம் பேசினவன், பயப்படவில்லை.

மறுநாள் டீயோடு ஷெட்டுக்கு வந்தாள்.

"கைப்பிடியை நல்லா முன்னால தள்ளி வை, கொலின். ஆறடி ஆளாச்சே நீ."

"வண்டியைப் பத்தி உனக்கென்ன தெரியும்? பின்னாலதான் இழுப்பேன்!"

இழுத்தான். வயரையும் அந்த அளவுக்கே, ஒரு விரற்கடை மிச்சமில்லாமல் நறுக்கினான்.

புதன்கிழமை: "ஹாரன் பொத்தானை எட்டவே வை."

"கிட்டத்தான் வைப்பேன்!"

வியாழக்கிழமை: "கிளட்ச் லிவரை நெருக்கிடாத."

"நெருக்குவேன்டி!" நெருக்கினான்.

வெள்ளிக்கிழமை பாட்டரி. அந்தக் காலத்து இங்கிலாந்து வண்டிக்கு அது தலைகீழ்; பிளஸ் வயரைத்தான் வண்டி உடம்பில் மாட்டணும். கொலினுக்கோ அது ஞாபகமே இல்லை. வழக்கம்போல மைனஸ் வயரை வண்டி உடம்பில் மாட்டப் போனான்.

"ஆமா, அப்படியே மாட்டு. நம்ம கார்ல இருக்கிற மாதிரி" என்றாள் நோலா.

கை நின்றது. "நீ சொல்லிட்டேல்ல? பிளஸ்ஸைத்தான் மாட்டுவேன்!"

மாட்டினான். சுவிட்சைத் தட்டினான். முன்விளக்கு பளீரென்று எரிந்தது. பின்விளக்கு சிவந்தது. ஹாரன் கன்றுக்குட்டி மாதிரி கத்தியது.

"பாத்தியா? உன் பேச்சைக் கேட்டிருந்தா எல்லாம் புகைஞ்சிருக்கும்!"

"நல்லவேளை, கொலின்" என்றாள் நோலா.

சனிக்கிழமை காலை கிளப்பில் வண்டி பரிசோதிக்கும் ட்ரெவர் வந்தான். விளக்கைப் பார்த்து விசிலடித்தான். "அருமையான வேலைடா! ஏறி ஒரு சுத்து சுத்திக் காட்டு, ஊர்வலத்துக்குக் கையெழுத்துப் போட்டுடறேன்."

கொலின் ஏறினான். கைப்பிடி தொப்பையில் இடித்தது. திருப்பினால் முழங்கால் பட்டு ஹாரன் அலறியது. மண்வெட்டி மாதிரி விரல்கள் லிவருக்குள் நுழையவே இல்லை.

"இப்படி ஓட்டினா வேலியிலதான் நிப்பே. கையெழுத்து கிடையாது" என்றான் ட்ரெவர்.

"அரை மணி குடு, மாத்திடறேன்!"

"வயர்ல மிச்சமே இல்லையேப்பா. எல்லாத்தையும் பிரிச்சு முதல்லேர்ந்து போடணும்."

"நான் வேணா ஏறிப் பாக்கட்டுமா?" என்றாள் நோலா. குரலில் பால் வடிந்தது.

ஏறினாள். ஐந்தடி உடம்புக்குக் கைப்பிடி அளவெடுத்துத் தைத்த மாதிரி நின்றது. கட்டை விரல் ஹாரனில் தானாகப் போய் விழுந்தது. முற்றத்தில் எட்டுப் போட்டுவிட்டு, கன்னமெல்லாம் சிவக்கச் சிரித்துக்கொண்டு வந்து நின்றாள். ட்ரெவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான்.

கொலினுக்கு மூக்கு விடைத்தது. ஆனால் அந்தச் சிரிப்பையும், தான் போட்ட விளக்கு பட்டப்பகலில் எரிகிற அழகையும் பார்க்கப் பார்க்கக் கோபம் பாதியாகிவிட்டது.

நோலாவுக்கு அது தெரிந்தது. "பாவம் நீ. ஊர்வலம் கிடக்கட்டும். இன்னைக்கே எல்லாத்தையும் பிரிச்சு உன் கைக்கு மாத்திடு, கொலின்."

"நீ சொல்லி நான் மாத்தறதா? நடக்கவே நடக்காது!"

கர்ஜித்து முடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அதற்குள் அவள் அவனுக்காகச் சைடுகாரின் கதவைத் திறந்து பிடித்திருந்தாள்.