பூஜையில் வைத்த கத்தி

காட்டில் தன்னந்தனியாக உயிர் பிழைப்பதற்கு ஏற்ற கத்தி ஒன்றை வாங்கியே தீருவது என்று சிவப்பிரகாசம் சபதம் செய்தபோது, அவருக்கும் காட்டுக்கும் இருந்த ஒரே தொடர்பு, திருத்தணி தாலுகா ஆபீஸின் ஜன்னலுக்கு வெளியே நின்ற புங்கமரம். அந்த மரத்திலிருந்து ஒருமுறை குரங்கு ஒன்று இறங்கி வந்து அவருடைய தயிர்சாதத்தைத் தூக்கிக்கொண்டு போனது. அவர் எதிர்த்துப் போராடவில்லை. மேசைமேல் ஏறி நின்றுகொண்டார்.

ஆனால் நாற்பத்தாறு வயதில் ஓர் ஆணின் உடம்புக்குள் வீரம் புகுந்துவிட்டால், அதை எந்த டாக்டராலும் வெளியே எடுக்க முடியாது. புகுத்தியவர் பக்கத்து மேசை சுந்தர்சிங். விஜயதசமி லீவில் எல்லைக்கு அந்தப் பக்கம், ஆந்திர மலையில் ஓர் அருவிக்கு நடந்து போய், ஓர் இரவு கூடாரம் போட்டுத் தங்கப் போவதாகச் சொன்னார்.

"வண்டியில சீட்டு பாக்கி இருக்குது சார். வர்றீங்களா?"

"வர்றேன். ஆனா கத்தி இல்லாம காட்டுக்குள்ள போறவன் முட்டாள், சுந்தர்சிங். நான் கத்தியோடதான் வருவேன்."

அன்று தொடங்கி இரண்டு மாதம் அவர் போனில் கத்தி வீடியோக்களைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. கத்தியின் இரும்பு பிடிக்குள் முடிந்துவிடக் கூடாது. பிடியின் கடைசிவரை ஒரே துண்டாக ஓட வேண்டும். மடக்குக் கத்தி ஆகாது. மடங்குகிற இடமே முதலில் உடைகிற இடம். அலகு ஓர் உள்ளங்கை நீளத்துக்குமேல் போகக் கூடாது. துருப்பிடிக்காத எஃகு பார்க்க அழகு. கார்பன் எஃகு ஈரத்தில் துருப்பிடிக்கும், ஆனால் ஆற்றங்கரைக் கல்லில் நாலு தேய்ப்புத் தேய்த்தால் மறுபடி கூர்மையாகும். இவற்றையெல்லாம் அவர் ஆபீஸில் பட்டா கேட்டு வந்தவர்களிடம்கூடச் சொன்னார். அவர்களும் பட்டா கிடைக்க வேண்டுமே என்று பக்தியோடு கேட்டுக்கொண்டார்கள்.

கடைசியில் பிடிக்காததைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்ற ஏற்பாட்டில், ஆன்லைனில் மூன்று கத்திகளை வரவழைத்தார். மூன்றையும் கூடத்தில் துண்டு விரித்து வைத்துவிட்டு, கைகட்டி நின்றார். கருவறைக்கு முன்னால்கூட அவர் அப்படி நின்றதில்லை.

பானுப்ரியா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் அவருடைய தாய்மாமன் மகள். பள்ளிப்பட்டுப் பக்கத்தில், மலையடிவாரத்தில் நிலமும் ஆடுமாடுமாக வாழ்ந்த குடும்பம். கல்யாணமாகிப் பதினெட்டு வருடமாகியும் அவரைப் 'பாவா' என்றுதான் கூப்பிடுகிறாள்.

"இன்னா பாவா இது, யாரையாவது வெட்டப் போறீங்களா?"

"தொடாத! இதெல்லாம் உயிர் காக்கிற கத்தி. ஆராய்ச்சி பண்ணிகினு இருக்கேன்."

அவள் தொட்டாள். முதல் கத்தி முழங்கை நீளம், முதுகெல்லாம் ரம்பப்பல், பிடியின் அடியில் திசைகாட்டி. அவள் அந்த மூடியைத் திருகிக் கவிழ்த்தாள். தூண்டில் முள்ளும் நூலும் கொட்டின.

"உள்ள காலி. இத வெச்சிக் கட்டையப் பொளந்தா புடி உங்க கைல இருக்கும், கத்தி ஆந்திராவுல இருக்கும்."

இரண்டாவது, மடக்குக் கத்தி. ஒருமுறை விரித்தாள், ஒருமுறை மடக்கினாள்.

"இதுக்கு முதுகு வளையுது. ஆபீசுக்கு எடுத்துகினு போங்க, பொருத்தமா இருக்கும்."

மூன்றாவது, பார்வைக்கு ஒன்றுமில்லாத கத்தி. மரப்பிடி, மங்கலான அலகு. அவள் அதைப் பிடிக்கும் அலகுக்கும் நடுவில் ஒற்றை விரலில் நிறுத்திப் பார்த்தாள். அது ஆடாமல் நின்றது. முதுகை அம்மிமேல் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு கொல்லையிலிருந்து காய்ந்த தென்னைமட்டை ஒன்றை எடுத்து வந்து செங்குத்தாக நிறுத்தி, அதன் தலைமேல் அலகைக் குறுக்கே வைத்து, குழவிக்கல்லால் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாள். மட்டை சத்தமில்லாமல் இரண்டாகி விழுந்தது.

சிவப்பிரகாசம் வாயைத் திறந்தவர் மூடவில்லை. இதே வித்தையைப் பனிக்காட்டில் ஒரு தாடிக்கார வெள்ளைக்காரன் செய்ததை அவர் பதினொரு முறை பார்த்திருக்கிறார். அவனுக்கு நாலு தட்டு ஆயிற்று.

"இதான் பாவா கத்தி. கடைசிவரைக்கும் ஒரே இரும்பு. ஈரம் பட்டா தொடச்சி எண்ண தடவி வைங்க."

"இத... இத நீ எங்க கத்துகின?"

"ஆடு மேய்க்கிறப்போ கத்துக்காம, காலேஜிலயா கத்துக் குடுத்தாங்க?" அவள் மட்டையை ஓரமாகப் போட்டாள். "நானும் வரட்டா? அந்த மலை எங்க ஊருக்குப் பின்னாடிதானே கீது. கல்யாணத்துக்கு முன்ன போனது."

சிவப்பிரகாசம் பிளந்த மட்டையைப் பார்த்தார். இரண்டு மாதமாக ஆபீஸில் அவர் வளர்த்து வைத்திருக்கும் வனவீரர் என்ற பெயர், இந்தப் பெண் காட்டுக்குள் கால் வைத்த அரைமணி நேரத்தில் என்ன ஆகும் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

"ஐயோ, இது ஆம்பளைங்க மட்டும் போறது, பானு. கரடி நடமாட்டம் வேற இருக்குதாம்."

"கரடி பொம்பளைங்களத்தான் புடிக்குமா?"

"எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவும்மா. நான் இன்னா பண்றது?"

"ஆங்," என்றாள் அவள். அவ்வளவுதான்.

மூன்று நாள் கழித்து சுந்தர்சிங்கின் மனைவி ஸ்வீட்லின் போன் செய்தாள்.

"அக்கா, நான் சப்பாத்தி எடுத்துகினு வரேன். எங்க தம்பி பொண்டாட்டி முட்ட அவிக்கிறா. நீங்க ஏங்க்கா வரலன்னுட்டீங்க? முட்டிவலின்னு சார் சொன்னாரே?"

பானுப்ரியா தன் இரண்டு முட்டிகளையும் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டாள். "இப்ப தேவலாம் ஸ்வீட்லின்," என்றாள்.

இந்தப் பேச்சு சிவப்பிரகாசத்துக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் மனைவி சண்டை போடவில்லை என்பதுதான். முருகனே கோபம் தணிந்து வந்து உட்கார்ந்த ஊர். இவள் கோபம் தணிய எவ்வளவு நேரமாகும் என்று அவர் நிம்மதியாக இருந்தார். அவள் தினமும் மாலையில் தெருவில் வேகவேகமாக நடந்து பழகியதைக்கூட, சர்க்கரை வராமல் இருக்க என்று நினைத்துக்கொண்டார்.

ஆயுத பூஜை வந்தது. அந்த வீட்டில் ஆயுத பூஜை என்றால் அது சிவப்பிரகாசத்தின் ராஜாங்கம். பூஜையில் வைத்த எந்தப் பொருளையும், மறுநாள் நல்ல நேரத்தில் மறுபூஜை செய்து அவர் கையால் எடுக்கும்வரை, யாரும் தொடக் கூடாது. போன வருடம் வெங்காயம் நறுக்கக் கத்தியை எடுக்கப்போன பானுப்ரியாவை, "சாமி குத்தம்!" என்று அவர் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு நாய் எழுந்து உட்கார்ந்தது.

இந்த வருடம் அவள் முகத்தில் அப்படி ஒரு பக்தி. கத்திக்குச் சந்தனம் இட்டு, நடுவில் குங்குமம் வைத்து, வாழையிலையின் நடுநாயகமாக அவளே கிடத்தினாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"பாவா, காட்டுக்குப் போற பை? அதுவும் ஆயுதம்தானே?"

"ஆயுதம்தான்!" என்றார் சிவப்பிரகாசம், நீதிபதி குரலில்.

"டார்ச்சு? கயிறு?"

"ஆயுதம்! ஆயுதம்!"

"போனு? ஆபீஸ் வேலையெல்லாம் அதுலதானே பாக்குறீங்க?"

அவர் ஒரு கணம் தயங்கினார். ஆனால் பதினெட்டு வருடத்தில் முதல் முறையாக மனைவி தன்னிடம் சாஸ்திரம் கேட்கிறாள். போனைக் கொடுத்தார்.

"கண்ணாடி?"

"எழுதிப் பொழைக்கிறவனுக்குக் கண்ணாடியத் தவிர வேற எது ஆயுதம் பானு?" தழுதழுத்த குரலில் சொல்லிவிட்டு, வெள்ளெழுத்துக் கண்ணாடியை மூக்கிலிருந்து கழற்றி அவரே இலையில் வைத்தார். அவள் அதன் இரண்டு சில்லுகளுக்கும் இரண்டு பொட்டு வைத்தாள். சாம்பிராணிப் புகையில் கத்தி மினுங்கியது. தான் எத்தனை கொடுத்து வைத்தவன் என்று நினைத்து அவருக்குக் கண் கலங்கியது.

காலை எட்டு மணிக்கு வண்டி. ஆறு மணிக்கே குளித்து, நெற்றி நிறைய விபூதியோடு வந்து நின்றார்.

"மறுபூஜைக்கு நல்ல நேரம் எப்போ? ஏழு, ஏழரைக்கு இருக்கும்ல?"

சுவரில் தொங்கிய தினசரி காலண்டரை அவரும் பார்த்தார். தேதி தெரிந்தது. அதன்கீழே இருந்ததெல்லாம் எறும்பு ஊர்வலம்.

பானுப்ரியா கிட்டே போய் நிதானமாகப் படித்தாள். "பத்தே முக்கால்லருந்து பதினொன்னே முக்கால் வரைக்கும், பாவா."

"பத்தே முக்காலா? வண்டி எட்டு மணிக்காச்சே!"

"அடடா. அப்ப இன்னா பண்றது?"

எட்டு மணிக்கு வாசலில் வண்டி வந்து நின்றது. சுந்தர்சிங் இறங்கி வந்தார். பூஜை இலையையும், அதன்முன்னால் காவல் நிற்பதுபோல் நின்ற தன் சகாவையும் பார்த்தார்.

"பத்தே முக்கால் வரைக்கும் இருக்க முடியாது சார். பதினோரு மணிக்குமேல ஃபாரஸ்ட் கேட்டுல உள்ள விட மாட்டாங்க."

"ஒரு நிமிஷம்... அவசரத்துக்குப் பாவமில்லைன்னு..." சிவப்பிரகாசத்தின் கை இலைப் பக்கம் நீண்டது.

"பாவா!" பானுப்ரியா பதறினாள். "சாமி குத்தம்! போன வருஷம் வெங்காயத்துக்கே எடுக்கக் கூடாதுன்னீங்க. இப்ப ஊர் சுத்தறதுக்கு எடுப்பீங்களா?"

நீண்ட கை மடங்கி, மடக்குக் கத்திபோல் உள்ளே போயிற்று.

"உங்க சாமி விஷயத்துல நான் குறுக்க வர மாட்டேன் சார்," என்றார் சுந்தர்சிங் மரியாதையாக. "கத்தி, பை எல்லாம் இருக்கட்டும், நீங்க சும்மா வாங்க. ஆனா... கத்தி இல்லாம போறவன் முட்டாள்னு நீங்கதான் ரெண்டு மாசமா சொல்லிகினு இருந்தீங்க."

சிவப்பிரகாசம் இரண்டு பக்கமும் பார்த்தார். கத்தியை எடுத்தால் பாவி. எடுக்காமல் போனால் முட்டாள். இரண்டுமே அவருடைய சொந்த வசனம்.

வண்டியின் ஜன்னலிலிருந்து ஸ்வீட்லின் தலையை நீட்டினாள். "சீட்டு சும்மாதானே போவுது? அக்கா வரட்டுமே!"

"ஐயோ, நானா?" என்றாள் பானுப்ரியா. "இது ஆம்பளைங்க மட்டும் போறதாச்சே?"

"யாருக்கா சொன்னது?"

பின்சீட்டிலிருந்த ஸ்வீட்லினின் தம்பி மனைவி வேறு எட்டிப் பார்த்தாள். எல்லாக் கண்களும் சிவப்பிரகாசத்தின்மேல் வந்து நின்றன. அவர் தன் கால் கட்டைவிரலை ஆராய்ந்தார்.

"முட்டிவலின்னீங்களே சார்?" என்றார் சுந்தர்சிங்.

"அது... தேவலாம்னு நெனைக்கிறேன்," என்றார் சிவப்பிரகாசம்.

பானுப்ரியா உள்ளே போய் வந்தாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை. தோளில் பை, கையில் புளிசாதத் தூக்கு, காலில் நாடா இறுக்கிக் கட்டிய கேன்வாஸ் ஷூ. ஷூ புதிதல்ல, பழகியிருந்தது. தெருவில் அவள் நடந்த மாலைகள் இப்போதுதான் அவருக்கு நினைவு வந்தன.

"கத்தி இல்லாமயா போற?" என்று ஈனசுரத்தில் கேட்டார்.

"வழியில எங்க அப்பா ஊட்ல கொடுவாள் வாங்கிக்கிறேன் பாவா. அவங்க காலைலயே மறுபூஜை முடிச்சி எடுத்துட்டிருப்பாங்க."

அந்தப் பதிலில் ஏதோ ஒன்று இடறியது. என்னவென்று அவர் யோசிப்பதற்குள் வண்டி தெருமுனை திரும்பிவிட்டது.

அவர் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். பசித்தது. தக்காளி இருந்தது, நறுக்குவதற்கு வீட்டில் ஓர் ஆயுதமும் இல்லை. கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் எடுத்தபோதே அவள் சரியாகச் சொன்னாள்: கடைசிவரைக்கும் ஒரே இரும்பு. பை, டார்ச்சு, போன், கண்ணாடி, ஷூ, புளிசாதம் என்று அவர் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். எங்கும் ஒரு மடிப்பு இல்லை, இணைப்பு இல்லை, ஆட்டம் இல்லை. இப்படி ஒரு பொருளைத் தேடி இரண்டு மாதம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோமே, அது பதினெட்டு வருடமாக வீட்டுக்குள்ளேயே அல்லவா நடமாடிக்கொண்டிருந்தது என்று அவருக்கு உடம்பு சிலிர்த்தது. கோபப்படக்கூடத் தோன்றவில்லை. மலைமேல் விசேஷநாளில் தேர் அசைந்து வரும்போது கூட்டத்தில் வாய் பிளந்து நிற்பவர்களைப் போல இருந்தார்.

பத்தே முக்காலுக்குக் கற்பூரம் ஏற்றி மறுபூஜை செய்தார். முதலில் கண்ணாடியை எடுத்து, குங்குமத்தைத் துடைத்து மாட்டிக்கொண்டு, எழுந்து போய்க் காலண்டரைப் பார்த்தார்.

நல்ல நேரம்: காலை 7.00 – 8.00.

அதன்கீழே ராசிபலன். பானுப்ரியாவின் ராசிக்கு நேரே 'பயணம்' என்றும், அவருடைய ராசிக்கு நேரே 'தெளிவு' என்றும் போட்டிருந்தது.