பத்தாந்தேதி ஆடிட்டர்

"ஜானு, துணிக்கடை சிதம்பரநாதனுக்கு நான் என்ன தேதி சொன்னேன்?"

டெலிபோனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு ஆடிட்டர் ஸ்ரீரங்கன் சமையலறைப் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"அவருக்குப் பத்துன்னேள். குடைக்கடை பாய்க்கு இருபதுன்னேள்" என்றாள் அவர் மனைவி ஜானு. "நிஜத் தேதி என்னன்னு எனக்கே மறந்து போச்சு."

நிஜத் தேதி ஜூன் முப்பது. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய அன்றுதான் கடைசி நாள். ஆனால் அந்த முப்பதை ஸ்ரீரங்கன் இருபது வருஷமாக ஒரு ஜீவனிடமும் சொன்னதில்லை. வியாபாரியிடம் முப்பது என்றால் கணக்கு மூட்டை ஜூலையில்தான் வந்து சேரும் என்பது அவர் கட்சி. அதனால் சோம்பேறிக்குப் பத்து, சுமாரானவருக்கு இருபது என்று ஆளைப் பார்த்துத் தேதி சொல்வார். வீட்டுக் கடிகாரத்தைப் பத்து நிமிஷம் வேகமாக ஓடவிடுகிறோமே, அந்த மாதிரிதான். இந்த வித்தையால் அவருடைய கட்சிக்காரர் ஒருவருக்கும் இதுவரை அபராதம் வந்ததில்லை. அந்தப் பெயரை வைத்துத்தான் மயிலாப்பூரில் அவர் குடும்பம் நடந்துகொண்டிருந்தது.

அவரிடம் தொழில் படித்த அம்பிக்கு மட்டும் இந்த வித்தை ஏறவே இல்லை. தேதி கேட்டால் மடையன் நிஜத் தேதியையே சொல்லிவிடுவான். "நீ உருப்பட மாட்டேடா" என்று ஆசீர்வாதம் செய்து அனுப்பி வைத்தார். இந்தத் தை மாதம் அவன் உஸ்மான் ரோட்டில் தனியாகப் போர்டு மாட்டியபோது, ஐயோ பாவம் என்றுதான் நினைத்தார்.

"சார், லைன்ல இருக்கீங்களா?" என்றார் சிதம்பரநாதன். "நேத்து பனகல் பார்க்குல ஹனீஃபா பாயைப் பார்த்தேன். அவருக்கு இருபதாம்லா. எனக்கு மட்டும் என்னத்துக்குப் பத்துங்கீங்க?"

ஸ்ரீரங்கன் கொஞ்சம் யோசித்தார்.

"நீங்க தீபாவளிக்குப் புதுக்கணக்கு போடறவர். பாய் ஜனவரியில போடறவர். வருஷம் முடியற நாள் வேற. அதனால தேதியும் வேற."

"பாயும் தீபாவளிக்குத்தான் சார் போடுதாரு. நீங்கதான ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல வந்து ஆரம்பிச்சு வச்சீங்க?"

வாஸ்தவம். இரண்டு கடையிலும் லட்டு சாப்பிட்டது ஸ்ரீரங்கனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"சொல்ல வந்ததை மறந்துட்டேன் பாருங்கோ. உங்களுக்கும் தள்ளிப் போட்டுட்டா. இருபது."

போனை வைத்து அரை மணி ஆகவில்லை. ஹனீஃபா கூப்பிட்டார்.

"சார், துணிக்கடைக்காரருக்குப் பத்து நாள் தள்ளிப் போட்டாங்களாமே. எனக்கும் பத்து நாள் சேர்த்தா முப்பதா?"

ஸ்ரீரங்கனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யார் சொன்னா முப்பதுன்னு? அப்படி ஒரு தேதியே கிடையாது."

"ஜூன் மாசத்துலயா சார்?"

"உங்களுக்கு இருபத்தஞ்சு" என்று அவசரமாக முடித்தார்.

அது சிதம்பரநாதன் காதுக்குப் போக எத்தனை நேரம் ஆகும்? மறுநாள் காலையில் அவருக்கும் இருபத்தைந்து என்று சொல்லவேண்டியதாயிற்று. "இதுக்கு மேல ஒரு நாள் கிடையாது" என்று கறாராகவும் சொன்னார்.

"ஆகட்டும் சார்" என்றார் சிதம்பரநாதன், ரொம்பப் பணிவாக.

இருபத்தைந்து வந்தது, போனது. மூட்டைதான் வரவில்லை. போன் செய்தால், "நீங்க கவலைப்படாதீங்க சார்" என்றார் ஹனீஃபா. வருஷா வருஷம் இந்த நேரத்தில் பதறுவது வியாபாரிகள்; சமாதானம் சொல்வது ஸ்ரீரங்கன். இந்த வருஷம் எல்லாம் தலைகீழாக இருக்கிறதே என்று அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

முப்பதாம் தேதி காலையில் சட்டையை மாட்டிக்கொண்டார்.

"இன்னிக்கு நிஜமாவே கடைசி நாள், ஜானு. சொன்னா ஒருத்தனும் நம்பமாட்டான்."

"நானே நம்பலை" என்றாள் ஜானு.

பனகல் பார்க்கில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஜவஹர் கண்ணில் பட்டான். வருஷா வருஷம் இந்தக் கடைகளின் மூட்டையை மயிலாப்பூருக்கு மிதித்துக்கொண்டு வருகிற சைக்கிள் ரிக்‌ஷாக்காரன்.

"கூடவே வாப்பா. ரெண்டு கடை மூட்டையும் இன்னிக்கு ஏத்தணும்."

"மூட்டையா சார்?" என்று ஜவஹர் தலையைச் சொறிந்தான்.

துணிக்கடையில் சிதம்பரநாதன் எழுந்து நின்று வரவேற்றார். குடிக்கக் கலர் சோடா வந்தது. ஸ்ரீரங்கன் அதைத் தொடவில்லை.

"இன்னிக்கு விட்டா அபராதம். கபாலி மேல சத்தியமாச் சொல்றேன்."

"இருக்கட்டும் சார். இந்த வெயில்ல நீங்க ஏன் அலையுதீங்க?" சிதம்பரநாதன் அவர் முகத்தைப் பார்க்காமல் ஒரு எட்டு முழ வேட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்தார். "வச்சுக்கிடுங்க. இத்தனை வருஷம் பழகியிருக்கோம்."

சத்தியம் பண்ணியும் அசையவில்லையே என்று ஸ்ரீரங்கன் வேட்டியும் கையுமாகப் படி இறங்கினார். குடைக்கடைக்கு ஓடினார். ஹனீஃபா அவரை உட்காரவைத்து விசிறியை அவர் பக்கம் திருப்பினார்.

"பாய், உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். முப்பதுதான் நிஜம். மத்ததெல்லாம் நான் சொன்ன பொய்."

"விடுங்க சார், மனசுல வச்சுக்காதீங்க. வருஷா வருஷம் உங்களை ரொம்பக் கஷ்டப்படுத்திட்டோம்" என்று சொல்லி, மான் கொம்புப் பிடி போட்ட குடை ஒன்றை அவர் மடியில் வைத்தார் ஹனீஃபா.

ஒரு கையில் வேட்டி, ஒரு கையில் குடை. ஸ்ரீரங்கன் வெறும் ரிக்‌ஷாவில் ஏறி உட்கார்ந்தார். இருபது வருஷப் பேர் இன்று சாயந்திரத்தோடு போச்சு.

"நிஜத்தைச் சொன்னா ஒருத்தனும் நம்பமாட்டேங்கறானே, ஜவஹர். கணக்கு தாக்கல் ஆகலேன்னா ரெண்டு பேருக்கும் அபராதம் போடுவான்பா."

ஜவஹர் பெடலை மிதிக்காமல் திரும்பிப் பார்த்தான்.

"இன்னா சார், உனக்குத் தெரியாதா? ரெண்டு கடை மூட்டையும் நான்தானே போன வாரம் அம்பி சார் ஆபீசாண்ட எறக்கினேன். நீ பத்துன்ன, இருவதுன்ன, இருவத்தஞ்சுன்ன. அவருதான் கவர்மெண்டாண்ட பேசி முப்பது வரிக்கும் டயம் வாங்கிக் குடுத்தாராமே."