ஒரு ஸ்லாப் கேட்கப் போய் மேம்பாலம் வாங்கி வந்தேன்

என்னை நல்லா ஏமாத்திட்டீங்க சார். பேர் சொல்ல மாட்டேன். எங்க தொகுதி எம்எல்ஏ நீங்க, படிச்சா உங்களுக்கே தெரியும். கேட்டதைக் கொடுக்காம ஏமாத்தினவங்களை நிறையப் பார்த்துட்டேன். கேட்டதைக் கொடுத்தே ஏமாத்தின ஆள் நீங்க ஒருத்தர்தான்.

மத்தவங்களுக்கு விவரமா சொல்றேன்.

அன்னிக்கு எனக்கு இருந்தது ஒரே வேலை. கடை வாசல் சாக்கடையை மூட ஒரு ஸ்லாப் கேக்கணும்.

காக்ஸ் டவுன்ல பழைய கட்டில், பீரோ, சோபா வாங்கி விக்கிற கடை என்னுது. ஏழாங்கிளாஸோட திருப்பத்தூர்ல இருந்து வந்தவ நான். கால் உடைஞ்ச ஒரு நாற்காலியை வாங்கி, கால் போட்டு வித்து ஆரம்பிச்ச கடை இது. யாரும் தூக்கி விடல.

கேபிள் போடறோம்னு வந்தவங்க வாசல் ஸ்லாப்பைப் பேத்தாங்க. கேபிளைப் போட்டாங்க. ஸ்லாப்பைப் போடல. கேட்டா, "அது வேற டிபார்ட்மென்ட்மா."

சரின்னு ஒரு பழைய பீரோ கதவைக் குறுக்கே போட்டு வெச்சேன்.

கட்டில் பார்க்க மேரி டீச்சர் வந்தாங்க. கதவு வழுக்கிச்சு. டீச்சர் முழங்கால் வரைக்கும் உள்ள! எப்பவும் இங்கிலீஷ்லயே திட்டற டீச்சர், அன்னிக்கு சுத்தத் தமிழ்ல திட்டினாங்க. அதுல ரெண்டு வார்த்தை எனக்கே புதுசு.

கட்டில் வாங்க வந்தவங்க கால்ல கட்டுப் போட்டுக்கிட்டுப் போனா, அப்புறம் எவன் வருவான்? எங்க பக்கம் கிறிஸ்துமஸுக்கு முன்னாடிதான் வீட்டுக்கு வீடு சோபா மாத்துவாங்க. அந்த ஒரு மாச வியாபாரம்தான் எனக்கு வருஷத்துச் சோறு. அதுக்குள்ள ஸ்லாப் வந்தாகணும்.

அப்பதான் கல்யாண மண்டபத்துல கூட்டம்னாங்க. தொகுதிக்கு எது முக்கியம்னு ஜனங்ககிட்டயே கேட்டு, முன்னுரிமைப் பட்டியல் போட்டு, எம்எல்ஏ சட்டசபையில பேசப் போறாராம்.

பக்கத்துக் கடை டெய்லர் நயாஸ் பாய் சொன்னாரு: "அக்கா, ஸ்லாப்னு நேரா கேளுங்க. வேற பேச்சு நக்கோ, வேண்டாம்."

"பாய், நீங்க ஜாக்கெட்டைத் தைங்க. பேரத்தை என்கிட்ட விடுங்க."

என் கணக்கு இதுதான். ஸ்லாப் கேட்டா அரை ஸ்லாப் கூட வராது. யானை கேட்டாதான் ஆட்டுக்குட்டியாவது வரும். பெருசா கேக்கணும், அவர் முடியாதும்பாரு, நான் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கணும், கடைசியில போனா போகுதுன்னு ஸ்லாப்புக்கு இறங்கணும். இந்த வித்தையிலதான் என் கடையே நிக்குது.

மண்டபத்துல ஒருத்தர் தெருவிளக்கு கேட்டாரு. எம்எல்ஏ, "நோடோணா" அப்படின்னாரு. கன்னடத்துல பார்க்கலாம்னு அர்த்தம். குப்பை வண்டி? நோடோணா. தெருநாய்? நோடோணா.

பாவம், பேரம் தெரியாத ஜனங்கன்னு நினைச்சுக்கிட்டு எழுந்தேன்.

"சார்! எங்க தெருவுக்கு ஒரு மேம்பாலம் வேணும்!"

எங்க தெருவுல ரெண்டு ஆட்டோ எதிரெதிரா வந்தா ஒண்ணு ரிவர்ஸ் எடுக்கணும். பக்கத்துல உக்காந்திருந்த நயாஸ் பாய் தலையில கை வெச்சுட்டாரு.

எம்எல்ஏ நாற்காலியை விட்டே எழுந்துட்டாரு. "ஆய்த்தும்மா! மாடோணா! செஞ்சிடலாம்!"

கைத்தட்டல்!

எனக்கு வேர்த்துடுச்சு. சொன்ன விலைக்கு மறுபேச்சில்லாம ஒருத்தன் சரின்னா எங்க தொழில்ல ரெண்டே அர்த்தம். ஒண்ணு, அவன் விக்கிற பொருள் திருட்டு. இல்ல, அவன் வாங்கவே போறதில்ல.

"சார், அவ்ளோ பெருசு வேண்டாம் சார். ஒரு சின்ன ஸ்லாப்..."

"சின்னதா யோசிக்காதீங்கம்மா! மேம்பாலத்தோட நடைபாதையும் சேத்துத் தர்றேன்."

"மேல எதுவும் வேண்டாம் சார். எனக்குக் கீழதான் பிரச்சினை."

"கீழயா?" கண்ணு மின்னுது அவருக்கு. "அப்போ சுரங்கப்பாதை! பிஏ, எழுதிக்கோ!"

"ஐயோ, வேண்டாம் சார்!"

"லிஃப்ட் வெச்சு!"

இத்தனை வருஷத்துல நான் இறங்க இறங்க எதிராளி ஏத்திக்கிட்டே போன பேரம் இது ஒண்ணுதான். இன்னும் ரெண்டு நிமிஷம் பேசியிருந்தா விமான நிலையமே கொடுத்திருப்பாரு. பயத்துல உக்காந்துட்டேன். பிஏ ஒரு காகிதத்தை நீட்டினாரு. அதுல என்ன இருக்குன்னு பார்க்காம கையெழுத்துப் போட்டேன். வாங்கற பீரோவைத் திறந்து, மூடி, தட்டி, மோந்து பார்க்கிறவ நான்!

ரெண்டே நாள்ல கடை முன்னாடி பேனர். எம்எல்ஏ வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட்ல சிரிக்கிறாரு. பக்கத்துல வாயைப் பிளந்துக்கிட்டு நான். "மேம்பாலம் கேட்ட மக்கள் குரல்"னு கொட்டை எழுத்துல இருக்கு. அந்தப் போட்டோ, நான் வேண்டாம்னு கத்தினப்போ எடுத்தது.

பேனருக்கு மூங்கில் எங்க நட்டாங்க? சாக்கடையிலதான்! தனியா குழி தோண்ட வேண்டிய வேலை மிச்சமாம். மூங்கிலுக்கு இடைஞ்சல்னு என் பீரோ கதவையும் ஓரமாத் தூக்கிப் போட்டுட்டாங்க.

அடுத்த வாரம் அளவெடுக்க ரெண்டு பேர் வந்தாங்க. என் ஷட்டர்ல சிவப்பு பெயின்ட்டால பெருக்கல் குறி. நயாஸ் பாய் ஷட்டர்லயும் ஒண்ணு.

"ஏம்பா, என்ன இது?"

"தூண் இங்கதான் வருதும்மா."

"என் கடை?"

"தூண்தாம்மா முக்கியம்."

கடையே போனாலும் பேரக்காரி புத்தி போகுமா? "சரி, அது வர்ற வரைக்கும் ஒரு ஸ்லாப்பாவது போடுங்கப்பா."

"மேம்பாலம் வர்ற இடத்துல சில்லறை வேலை செய்யக் கூடாதும்மா. ரூல்ஸ்."

"அந்தப் பாலம் எப்போ வரும்?"

ரெண்டு பேர்ல வயசுல பெரியவர்தான் வாயைத் திறந்தாரு. "அது எங்கம்மா வரப் போகுது? இந்தத் தெருவுல கிரேனே நுழையாது. ஆனா பட்டியல்ல இருக்கே!"

நேரா எம்எல்ஏ ஆபீஸுக்கு ஓடினேன். பிஏ ஃபைலைத் திறந்து காட்டினாரு. "முதல் முன்னுரிமையே உங்களுதுதாம்மா. இதோ உங்க கையெழுத்து. இப்போ வேண்டாம்னா சாருக்கு மரியாதை என்ன ஆகறது?"

திரும்பி வந்தா, நயாஸ் பாய் தையல் மிஷினை நிறுத்திட்டு என்னையே பார்க்கிறாரு. தினமும் எனக்குச் சேத்து டீ சொல்றவரு, அன்னிக்கு அவருக்கு மட்டும் சொன்னாரு.

"பாய், கோபமா?"

"கோபம் என்ன அக்கா கோபம்? தெருவிளக்கு கேட்ட ஆள் தெருவுல இருட்டு மட்டும்தான். நம்ம தெருவுல கடையே இல்ல."

சுருக்குன்னு குத்திச்சு. ஆனா நியாயம். அவருக்காகத்தான் இதை இப்போ எல்லாரும் பார்க்கிற மாதிரி எழுதறேன்.

சார், கேட்டது என் தப்புதான். நீங்க முடியாதுன்னு சொல்லுவீங்கன்னு உங்களை நம்பிக் கேட்டேன். மேம்பாலத்தைத் திருப்பி எடுத்துக்குங்க. சுரங்கம், லிஃப்ட், நடைபாதை எல்லாத்தையும் எடுத்துக்குங்க. ரெண்டு ஷட்டர்லயும் இருக்கிற பெயின்ட்டை அழிங்க. எனக்கு ஒரே ஒரு ஸ்லாப், கிறிஸ்துமஸுக்கு முன்னாடி. நீங்களே முன்னாடி நின்னு போட வைக்கணும்.

வர்ற அன்னிக்கு அந்த வெள்ளை பேன்ட் மட்டும் வேண்டாம் சார்.